தான்ஜியரிலிருந்து மக்கா: பதினாறு மாதங்களும் ஆறு மணி நேரமும்

மொராக்கோவின் வடகோடியிலுள்ள தான்ஜியர் நகருக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர். இடையில் இறங்காது பறக்கும் விமானம் இதைச் சுமார் 6 மணி நேரத்தில் கடந்துவிடும். ஃபஜ்ரைத் தன் ஊரில் தொழுத ஹாஜி, அன்றிரவே கஅபாவைக் காண இயலும். இதே பயணத்தை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கொண்ட ஒருவரை நாம் இங்கு நினைவுகூர்வோம்.

ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1325 ஜூனில், 21 வயது இளைஞரான இப்னு பதூதா (ரஹ்) ஹஜ்ஜை நாடித் தான்ஜியரிலிருந்து தனியே புறப்பட்டார். பிஜாயாவில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கிச் செல்லுமாறு கூறப்பட்ட அறிவுரையை ஏற்காமல், விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு வழி நடந்தார். தூனிஸ் நகரில் மற்றவர்களை ஊரார் ஸலாம் கூறி வரவேற்க, அறிந்தவர் எவருமில்லாத தனிமையில் அவர் அழுதார். அதைக் கண்ட சக ஹாஜி ஒருவர் அவரைத் தேற்றினார். அதே ஊரிலிருந்து புறப்பட்ட ஹஜ் குழுவுக்கு அவரே காழியாக நியமிக்கப்பட்டார்.

எகிப்தை அடைந்தபின் செங்கடலைக் கடக்க எண்ணி ஐதாப் துறைமுகம் வரை சென்றார். அங்கு நிகழ்ந்த போரில் கப்பல்கள் அழிக்கப்பட்டிருந்தன. வந்த வழியே கெய்ரோவுக்குத் திரும்பி, ஷாம் நாட்டின் வழியாக டமாஸ்கஸை அடைந்தார். அந்தத் தடங்கலிலும் ஒரு பேறு கிடைத்தது. ரமளான் மாதத்தில் உமையா பள்ளிவாசலில் அமர்ந்து ஸஹீஹுல் புகாரீயைச் செவியுற்றார். ஆலிம்களிடம் இஜாஸாக்களும் பெற்றார். ஷவ்வாலில் ஹஜ் குழுவுடன் புறப்பட்டு, மதீனாவில் ஸியாரத் செய்து, மக்காவை அடைந்தபோது ஏறத்தாழ 16 மாதங்கள் கழிந்திருந்தன.

பயணத்தின் காலம் சுருங்கியதால் அதன் சட்டங்கள் சுருங்கவில்லை. தொழுகையைச் சுருக்கும் சலுகைக்குக் காரணம் பயணமே என்பது ஃபுகஹாக்களின் விளக்கம். களைப்பு அதற்கு நிபந்தனையன்று. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்னும் எல்லையைக் கடப்பவர், ஒட்டகத்தில் சென்றாலும் விமானத்தில் சென்றாலும் முஸாஃபிரே.

ஆயினும் விரைவு ஒரு பொறுப்பையும் கொண்டுவருகிறது. மக்ரிப் நாட்டாரின் மீக்காத் ஜுஹ்ஃபா. நடந்து வந்தவர் அங்குத் தங்கிக் குளித்து, உடை மாற்றி, நிய்யத் செய்ய அவகாசம் பெற்றார். விமானமோ அதன் நேரெல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். எனவே புறப்படும் ஊரிலேயே இஹ்ராம் உடைக்கு ஆயத்தமாகிவிட வேண்டும்.

உள்ளத்தின் நிலையும் இதுவே. பொறுமை, தோழமை, கல்வி ஆகியவற்றை இப்னு பதூதாவுக்கு அந்த நெடுவழி கற்பித்தது. ஆறு மணி நேர இருக்கை அவற்றைக் கற்பிக்காது. மனாஸிக்கைக் கற்பது, கடன்களைத் தீர்ப்பது, மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புப் பெறுவது ஆகிய அனைத்தையும் விமானம் ஏறுமுன்னரே நாம் முடித்தாக வேண்டும். மிச்சமான பதினாறு மாதங்கள் அல்லாஹ் நமக்களித்த அமானிதம்.

அந்த அமானிதத்தைப் பேணி, அவனது இல்லத்தை ஆயத்தமான உள்ளத்துடன் சென்றடையும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.