நோயா, இயல்பா?

பெண்ணுடலில் திங்கள்தோறும் நிகழும் மாறுதலை மாந்தர் தொன்றுதொட்டு அறிவர். அதன் காரணம் விளங்கியதோ 20-ஆம் நூற்றாண்டில்தான்.

அதற்கு முன் மருத்துவர்கள், கருப்பையின் உட்சவ்வைச் சிறிது எடுத்து நுண்பெருக்கியில் நோக்கினர். சிலரிடம் அது மெல்லியதாயிருந்தது. சிலரிடம் தடித்து, அதன் சுரப்பிகள் நெளிந்து காணப்பட்டன. தடித்த சவ்வை அழற்சி நோய் என்றனர். சுரண்டியெடுத்துச் சிகிச்சையும் செய்தனர்.

1908-இல் வியன்னா நகரத்து மருத்துவர்களான ஹிட்ஷ்மன், ஆட்லர் இருவரும், சவ்வின் தோற்றத்தை அது எடுக்கப்பட்ட நாளோடு ஒப்பிட்டனர். மாதவிலக்குக்குப் பின் மெலிந்திருப்பதும், நாளடைவில் வளர்வதும், அடுத்த விலக்குக்கு முன் தடிப்பதும் ஒரே சவ்வே என்பது புலனாயிற்று. நோயெனப் பெயர் பெற்றிருந்தது நலமுள்ள உடலின் ஒழுங்கே!

இவ்வொழுங்கை நடத்துவது எது? 1923-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன், எட்வர்டு டாய்சி இருவரும் பன்றியின் சூலகத்திலுள்ள சிறு பைகளின் நீரில் ஒரு ஹார்மோனின் ஆற்றலைக் கண்டனர். பிற்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் எனப் பெயர் பெற்ற அதுவே முதற்பாதியில் சவ்வை வளர்ப்பது. சூல்முட்டை வெளிப்பட்டபின், அது இருந்த பை மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறுகிறது. அதன் ஹார்மோன், கருவை ஏற்கும் வண்ணம் சவ்வைப் பண்படுத்துகிறது. இதனை 1929-இல் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்டு ஆலனும் முயல்களைக் கொண்டு மெய்ப்பித்தனர். அதுவே புரொஜெஸ்டிரோன். கரு தங்காவிடில் மஞ்சட் சுரப்பி சுருங்கும், இரு ஹார்மோன்களும் குறையும், சவ்வு உதிரும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை ஏவி நிற்கிறது.

சூல்முட்டை வெளிப்படும் நாள் எது? ஜப்பானின் நீகாட்டா நகரத்து மருத்துவர் ஓகினோ, அறுவைச் சிகிச்சையின்போது சூலகங்களை நேரிற் கண்டு, 1924-இல் விடை கூறினார். அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்னர் என்பது அவர் முடிபு. முன்னோக்கி எண்ணிய உலகத்திற்குப் பின்னோக்கி எண்ணக் கற்பித்தார் அவர்.

ஆகவே, 28 நாள் என்பது ஒரு சராசரியே, சட்டமன்று. வயது வந்த மகளிர்க்கு 21 முதல் 35 நாள் வரை பெரும்பாலும் இயல்பே. எனினும், இயல்பென்று கூறிக் கடும்வலியையும் மிகு குருதிப்போக்கையும் பொறுத்திருத்தலும் தகாது. இயல்பை நோயென்பது ஒரு பிழை. நோயை இயல்பென்பது மற்றொரு பிழை. இவ்விரண்டினின்றும் மகளிரைக் காப்பது, நாட்கணக்கோடு கூடிய நல்லறிவேயாம்.