எந்த வருஷத்துப் புல்லட்?



கல்வெட்டு, கோயில் குளம், பழைய பாலம் என்று எழுதி வந்த டீச்சர் இன்று மோட்டார் சைக்கிள் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். வரலாறு கல்லில் மட்டும் எழுதப்படுவதில்லை, இரும்பிலும் எழுதப்படுகிறது.

"புல்லட் அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை" என்று பலரும் பெருமையாகச் சொல்வார்கள். வெளியே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே டேங்க், அதே சத்தம், அதே கம்பீரம். ஆனால் என்ஜினைப் பிரித்து பிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. அதனால்தான் பழைய புல்லட்டை மீட்டெடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த வருஷத்து வண்டி?" என்ற கேள்வி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த நிறுவனம். முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது. புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. நமக்குத் தெரிந்த வடிவத்துக்கு மூலமான 350 புல்லட் 1949-ல் விற்பனைக்கு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்காகப் புல்லட்டுகள் கேட்கப்பட்டன. மெட்ராஸ் மோட்டார்ஸ் அவற்றை வரவழைத்துக் கொடுத்தது. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கின. வடிவுடையம்மன் குடியிருக்கும் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். 1956-ல் அப்படி வெளிவந்தவை 163 வண்டிகள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. பிறந்த வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு, புகுந்த வீட்டிலிருந்து சீர் போனது போல!

இனி உள்ளே போவோம்.

பிளைவீல். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. மீதி நேரமெல்லாம் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போவது பிளைவீல். பாட்டி ஆட்டுக்கல்லைச் சுற்றும்போது ஒரு தள்ளு தள்ளிவிட்டால் கல் தன் கனத்திலேயே கொஞ்சம் சுற்றும் அல்லவா, அதே வேலைதான். காரில் பிளைவீல் என்ஜினுக்கு வெளியே இருக்கும், கிளட்ச் அதன் மேலேயே உட்காரும். பழைய புல்லட்டில் அப்படியில்லை. கிராங்க் அறைக்குள்ளேயே இரண்டு கனமான இரும்புச் சக்கரங்கள், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு பின். கிளட்ச் தனியாக இடப்பக்கம், செயின் வழியாக ஓடும்.

இங்கேதான் முதல் பொறி. 350 புல்லட்டின் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., 500-ன் விட்டம் 84 மி.மீ. ஆனால் இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றே, 90 மி.மீ. அதனால் ஒன்றின் பிளைவீலைப் பார்த்தால் இன்னொன்றின் பிளைவீல் போலவே தெரியும். பிஸ்டனின் எடை வேறு, அதைச் சமன்செய்யச் சக்கரத்தில் விட்டிருக்கும் கனமும் வேறு. மாற்றிப் போட்டால் ஓடும், ஆனால் ஹேண்டில்பார் கையை நடுங்க வைக்கும், பேரிங் சீக்கிரம் போகும். சரியான பிளைவீலே ஆனாலும், புதிய பின் போட்ட பிறகு இரு பக்கத் தண்டும் ஒரே கோட்டில் சுற்றுகிறதா என்று டயல் வைத்துப் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். லேத் பட்டறையில் "ஓரிரண்டு தௌ" என்பார்கள். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கிளட்ச். உராயும் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங்கால் அழுத்தியிருக்கும் தோசைக்கல் அடுக்கு போன்றது. 350-க்கும் 500-க்கும் இந்த அடுக்கு ஒன்றல்ல. விசை அதிகமான 500-ல் 350-ன் அடுக்கைப் போட்டால் ஏற்றத்தில் என்ஜின் கத்தும், வண்டி நகராது. தேவைக்கு மேல் தட்டைத் திணித்தால் லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது.

கியர்பாக்ஸ். பழைய புல்லட்டில் இருப்பது பர்மிங்காம் நகரத்து ஆல்பியன் நிறுவனத்தின் நான்கு கியர் வடிவம். வலது காலால் மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதித்து மிதித்து இரண்டு, மூன்று, நான்கு. பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர். இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் குதிகாலால் அதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல்! இந்தக் கியர்பாக்ஸ் என்ஜினின் முதுகோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். முன்பின் நகர்த்த முடியாது. நடுவில் ஓடும் செயினை இறுக்கத் தனியாக ஒரு சறுக்குத் தகடு உண்டு. ஆகவே பெட்டியை மாற்றுவது என்றால் என்ஜின் முதுகு, செயின் கோடு, கிளட்ச் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

2002-ல் வந்த தண்டர்பேர்டில் ஐந்து கியர். பின்னர் இடது காலில் கியர் வந்தது. 2008-க்குப் பிறகு என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான், பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராது.

இதைவிட எனக்குச் சுவையான விஷயம் மரை. ஆமாம், "மரை கழன்றவன்" என்று திட்டுவோமே, அதே மரைதான்.

ஒரு போல்ட்டின் மரை எத்தனை, எந்தக் கோணத்தில் என்பதற்கு 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் ஒரு பொது அளவு வகுத்தார். கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60 பாகை. திருவொற்றியூருக்குப் புல்லட் வந்தது அங்குலக் கணக்கில். ஆனால் நம் நாட்டில் அப்போது என்ன நடந்தது? 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம். 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து வீசை போய்க் கிலோ. நாடு அங்குலத்தை விட்டு வெளியேறிய அதே ஆண்டுகளில், அங்குலத்தில் வரைந்த ஒரு வண்டியைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் நம் தொழிலாளர்கள். பின்னர் ஒவ்வொரு பாகமாக மெட்ரிக்குக்கு மாறியது. ஆகவே இடைக்கால வண்டி ஒன்றில் இரண்டு அளவும் கலந்தே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் அங்குல நுண்மரைப் போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை. 6 மி.மீ. சாதாரண போல்ட்டில் ஒரு மி.மீ.க்கு ஒரு மரை, அதாவது அங்குலத்துக்கு 25.4. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்தத் துளையில் 6 மி.மீ. போல்ட் ஆசையாக உள்ளே போகும், இறுக்கும்போது மரையைச் சீவிவிடும். ஸ்பேனரும் அப்படியே. பழைய கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. நம் 13 நுழையாது, 14 நழுவி நட்டின் மூலையை மழுக்கும்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு துருவினேன் என்று உறவினர்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டு 350, 1974-ல் வாங்கியது. உங்களில் பாதிப் பேர் அதன் பின்சீட்டில் ஏறி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள்தான். அவர் மறைந்த பிறகு ஒன்பது வருஷம் திண்ணையோரம் நின்றது. போன வருஷம் மகன் அதைப் பிரித்தான். உள்ளே யாரோ எப்போதோ 500-ன் தட்டுகளைத் திணித்திருந்தார்கள். ஒரு மூடியில் 6 மி.மீ. போல்ட் போட்டு மரையைக் கெடுத்திருந்தார்கள். வேலைக்கு எடுத்த பட்டறையில் சொன்ன யோசனை: "இந்தப் பெட்டிய எடைக்குப் போட்டுட்டு அஞ்சு கியர் மாட்டிடலாம்மா. எல்லாம் புல்லட்தானே!"

நான் வேண்டாம் என்றேன். இடதுகால் கியர் வந்தால் பிரேக் மிதி வலப்பக்கம் போக வேண்டும். பிரேக் டிரம்மோ இடப்பக்கம் செயின் பல்சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறது. குறுக்கே ஒரு தண்டு போட்டுத்தான் இணைக்க முடியும். அவசரத்தில் என் மகனின் கால் அப்பா பழக்கிய பக்கமே பிரேக்கைத் தேடும். அதோடு, அவருடைய வலதுகால் செருப்பின் மேல்பக்கம் எப்போதும் தேய்ந்திருக்கும், முதல் கியரைத் தூக்கித் தூக்கி. அந்த வலதுகால் கியரை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக் கிடைத்தார். அவர் முதலில் கையில் எடுத்தது ஸ்பேனரை அல்ல, மரை அளக்கும் கேஜை. கிளட்ச் தட்டுகளை எண்ணினார், ஸ்பிரிங் உயரத்தை அளந்தார், முன் பல்சக்கரத்தின் பற்களை எண்ணினார். பின்னால் 38 பல். முன்னால் 16-க்குப் பதில் 17 இருந்தால் ஓட்டமே மாறும். என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பாகம் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மகன் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தான். கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் வண்டி நிற்கலாம். அதற்குச் சில வார்த்தைகள். பிரிக்கும் முன் படம் எடுங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும், உடைந்ததே ஆனாலும், புதியது சரியாக உட்காரும்வரை எறியாதீர்கள். அதுதான் அளவுக்குச் சாட்சி. "புல்லட் கிளட்ச் கொடுங்க" என்று கேட்காதீர்கள். வருஷம், சி.சி., கியர் எண்ணிக்கை, எந்தக் கால் என்று நான்கையும் சொல்லுங்கள். விட்வொர்த் ஸ்பேனர் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை.

வீட்டில் பழைய புல்லட் இருப்பவர்கள் அதன் வருஷத்தையும், கியர் எந்தக் காலில் என்பதையும் கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு திறந்திருக்கிறது.