கோல் ஒருவர் கையில், சுக்கான் ஒருவர் கையில்

சென்ற ஆண்டு குளிர்கால விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பேருந்து அமர்த்திக்கொண்டு கரக்பூரிலிருந்து தீகாக் கடற்கரைக்குச் சென்று வந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் உண்ட பெரியவர்கள் சவுக்கு நிழலில் சாய்ந்திருந்தனர். நாமோ சிறுவர் சிலருடன் முகத்துவாரத்துப் பக்கம் நடந்து சென்றோம். மீன் ஏலம் முடிந்து படகுகள் ஓய்ந்து கிடந்தன. அவற்றைக் கண்ட சிறுவன் ஒருவன், "மாமா! ஒரு படகை நாமே நாள் முழுதும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலுக்குள் சென்று மீன் பிடிக்க முடியாதா?" என்று கேட்டான். அன்று அவனுக்குச் சிரிப்பையே விடையாகத் தந்தோம். பின்னர் அக்கேள்வி நம்மை விடவில்லை. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நமக்குப் பெரும்புலமை இல்லை. எனினும் ஓய்வு நேரங்களில் தேடிப் படித்தவற்றை இம்மலரின் வாயிலாக அச்சிறுவனுக்கும் அன்பர்களுக்கும் விடையாக வைக்கின்றோம்.

முதலில் சொல்லை விளக்கிவிடுவோம். திருமண வீட்டார் இரயிலில் ஒரு பெட்டி முழுவதையும் முன்பணம் கட்டிப் பதிவு செய்துகொள்வது உண்டு. தனித்தனியே சீட்டு வாங்கி, முன்பின் அறியாதாரோடு அமர்ந்து செல்வதும் உண்டு. கடலிலும் இவ்விரு முறையே நடைபெறுகின்றன. அமெரிக்க நாட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் பலரை ஏற்றிச் செல்லும் படகு ஒருவகை. ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ படகு முழுவதையும் ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. பின்னதையே 'சார்ட்டர்' என்கின்றனர். விடியலில் புறப்பட்டு, எட்டு அல்லது பத்து மணி நேரம் ஆழ்கடலில் இருந்து, மாலையில் துறை திரும்புவது முழுநாட் பயணம். தூண்டிலும் இரையும் படகுக்காரருடையவை. வாடகைக்கு எடுத்தவர் கொண்டு செல்வது உணவும் ஆவலுமே.

இப்பழக்கத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது கலிபோர்னியக் கரையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாந்தா கத்தலீனா என்னும் தீவு. அதன் துறையூர் அவலான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோடைவாசிகள் அங்கே திரளாக வந்தனர். கைக்கயிற்றில் தூண்டில் முள்ளைக் கட்டி, பெருமீன்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கரையில் குவித்தனர். உண்பதற்கு ஆளின்றி அவை வீணாயின. இதைக் கண்டு மனம் நொந்தவர் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் (1851-1915) என்னும் இயற்கைநூல் ஆசிரியர். மீனுக்கும் தப்பிச் செல்ல ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும். மெல்லிய கோலும் மெல்லிய நூலும் கொண்டு போராடிப் பிடிப்பதே முறை என்பது அவர் கொள்கை.

1898-ஆம் ஆண்டு, நம் கரக்பூரில் இருப்புப்பாதைப் பணிகள் தொடங்கியதை ஒட்டிய காலம். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள சூரை மீன் ஒன்றைக் கோலும் உருளையும் கொண்டு பிடித்தார். போராட்டம் மூன்றே முக்கால் மணி நேரம் நீடித்தது. மீன் படகையே பல மைல் தூரம் இழுத்துச் சென்றது. அதே மாதத்தில் அவர் 'ட்யூனா கிளப்' என்னும் சூரைமீன் சங்கத்தை அவலானில் நிறுவினார். கோலின் நீளம், நூலின் பருமன் யாவற்றுக்கும் அச்சங்கம் விதி வகுத்தது. அடுத்த ஆண்டே 251 பவுண்டு மீனொன்று அதன் ஏட்டில் ஏறியது.

ஈண்டு அன்பர்கள் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். ஹோல்டர் கோலைப் பற்றியிருந்த அத்தனை நேரமும் படகைச் செலுத்தியவர் யார்? ஜிம் கார்ட்னர் என்னும் அவலான் படகோட்டி. மீன் ஓடும் திசையை முன்கூட்டி உணர்ந்து படகைத் திருப்ப வேண்டும். உருளையில் நூல் தீருமுன் மீனைத் தொடர்ந்து செல்லவேண்டும். நூல் படகின் அடியிற் சென்று அறுந்துவிடாமல் காக்கவேண்டும். முடிவில் மீன் பக்கத்தில் வந்ததும், இமைப்பொழுதில் இரும்புக் கொக்கியால் அதனை வாங்கவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் மூன்றே முக்கால் மணி நேர உழைப்பும் வீணாகும். ஆயினும் உலகம் அறிந்தது ஹோல்டரின் பெயரையே. கார்ட்னரின் பெயர் கதையின் ஓரத்தில் நிற்கிறது.

அவலான் படகோட்டிகள் கைகளால் மட்டும் உழைத்தாரல்லர், அறிவாலும் உழைத்தனர். பொறிப்படகின் ஓசைக்கு அஞ்சிச் சூரைமீன்கள் விலகத் தொடங்கியபோது, ஜார்ஜ் பார்ன்ஸ்வொர்த் என்னும் படகோட்டி 1909-ஆம் ஆண்டளவில் ஒரு வழி கண்டார். காற்றாடி ஒன்றைப் பறக்கவிட்டு, அதன் கயிற்றில் தூண்டில் நூலைத் தொங்கவிட்டார். முள்ளில் கோத்த கோலா மீன் படகுக்கு வெகு தொலைவில் அலைமேல் துள்ளித் துள்ளிச் சென்றது. அதை உயிருள்ள கோலா என்றே எண்ணிச் சூரை பாய்ந்தது. காற்றாடியால் மீன் பிடிக்கும் முறையைப் பசிபிக் தீவு மக்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். அவலானில் அதனை வழக்கிற் கொணர்ந்த பெருமை பார்ன்ஸ்வொர்த்தினுடையது.

1913-ஆம் ஆண்டு அவருடைய படகில் சென்ற வில்லியம் போஷன் என்பார் 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். கோலும் உருளையும் கொண்டு பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அதுவே என்பர். அக்காலத்து உருளைகளில் மீன் ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கிவிடும். நூல் ஓடினும் கைப்பிடி அசையாது நிற்கும் புதிய உருளை, போஷனின் கருத்தைத் தழுவி, புரூக்ளினில் ஜூலியஸ் வாம் ஹோஃப் என்பவரால் செய்யப்பட்டது. விண்மீன் வடிவச் சக்கரம் உடைய அவ்வமைப்பு இன்றளவும் கடல் தூண்டில்களில் உள்ளது.

புகழ் வந்தால் பூசலும் வருமன்றோ? நாவலாசிரியர் சேன் கிரே 1920-ஆம் ஆண்டு 418 பவுண்டு வாள்மீனைப் பிடித்துப் பெருமை கொண்டார். அடுத்த ஆண்டே ஸ்பால்டிங் என்பாரின் மனைவியார், மெலிந்த உடலினர், 426 பவுண்டு மீனைப் பிடித்தார். பிறர் துணையின்றி ஒரு பெண்மணி இதனைச் செய்திருக்க இயலாது என்று கிரே ஐயுற்றார். சங்கம் அவரை மன்னிப்புக் கேட்கச் செய்ததாகவும், அவர் சங்கத்தை விட்டே விலகியதாகவும் கூறுவர். நமக்குத் தோன்றுவது இதுவே: துணையின்றிப் பிடித்தவர் அங்கே எவரும் இலர். கிரேயின் படகிலும் ஒருவர் சுக்கான் பிடித்திருந்தார்.

1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் தோன்றி உலகிற்கெல்லாம் பொதுவிதி வகுத்தது. மீன் தூண்டிலில் சிக்கிய பின்னர் கோலையோ உருளையையோ நூலையோ வேறொருவர் தொடலாகாது என்பது அவ்விதி. விளையாட்டின் நேர்மைக்கு அது இன்றியமையாததே. ஆனால் அவ்விதியால் சாதனை தூண்டிற்காரர் ஒருவருடையதாகவே ஆயிற்று. 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பெரு நாட்டின் காபோ பிளாங்கோக் கடலில் ஆல்பிரட் கிளாசல் 1,560 பவுண்டு கரு மார்லின் மீனைப் பிடித்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அம்மீனினத்தில் அச்சாதனை நிலைத்து நிற்கிறது. கிளாசல் பெயரை அறிந்தார் பலர். அவர் படகைச் செலுத்தியவர் பெயரை அறிந்தார் எத்தனை பேர்?

பெயர் கிட்டாமற் போயினும் கூலியேனும் கிட்டவேண்டும் அன்றோ? எர்னஸ்ட் ஹெமிங்வே 1928 முதல் புளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரில் தங்கி, உள்ளூர்ப் படகுகளில் கடலுக்குச் சென்று பழகியவர். 1934-இல் 'பிலார்' என்னும் சொந்தப் படகை வாங்கினார். அவர் 1937-இல் வெளியிட்ட 'டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்' என்னும் நாவலின் தலைவன் ஹாரி மார்கன் ஒரு வாடகைப் படகுக்காரன். நாளொன்றுக்கு 35 டாலர் பேசி ஒரு செல்வன் அவன் படகை அமர்த்துகிறான். சொன்ன சொற் கேளாமல் விலையுயர்ந்த கோலையும் உருளையையும் கடலிற் பறிகொடுக்கிறான். பல நாள் வாடகையையும் தராமல் விமானம் ஏறி மறைகிறான். கையில் காசின்றி நின்ற மார்கன் கள்ளக் கடத்தலில் இறங்குகிறான். அவன் அழிவு அங்கே தொடங்குகிறது. கதைதான். எனினும் துறைமுக வாழ்வை நேரிற் கண்டவர் எழுதிய கதை. விளையாடச் செல்பவனுக்கு அது ஒருநாட் பொழுதுபோக்கு. அழைத்துச் செல்பவனுக்கு அது வீட்டு அடுப்பு.

மறுபுறமும் ஒன்று உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. இருப்புப்பாதையோடு தொடர்புடையதாகலின் நம் நெஞ்சை அது மிகவும் உலுக்கியது. நியூயார்க் நகரிலிருந்து லாங் தீவின் கிழக்கு முனையாகிய மான்டாக்கிற்கு 'மீனவர் சிறப்பு வண்டி' என ஓர் இரயில் ஓடிவந்தது. வண்டி நின்றதும் பயணிகள் ஓட்டமாக ஓடிப் படகுகளில் ஏறுவர். 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆளுக்குக் கட்டணம் வாங்கும் 'பெலிக்கன்' என்னும் 42 அடிப் படகில் அவ்வாறு ஏறியோர் உட்பட 64 பேர் இருந்தனர். அது தாங்கக்கூடியதினும் மிகுந்த பாரம். திரும்பும் வழியில் வானிலை கெட்டது. பொறிகளுள் ஒன்று நின்றது. மான்டாக் முனையருகே பேரலைகள் தாக்கப் படகு கவிழ்ந்தது. தலைவர் உட்பட 45 பேர் மாண்டனர். மாலை வண்டி எத்தனை வெற்றிருக்கைகளோடு திரும்பியிருக்கும் என்று எண்ணுந்தோறும், நாடோறும் இருக்கைக் கணக்கு எழுதும் நம் கை நடுங்குகிறது.

அத்துயரின் பின் 1956-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. கூலிக்கு ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் படகு எதுவும் அரசின் சோதனைக்கு உட்படவேண்டும் என்பது அதன் சாரம். அந்நாட்டின் சிறு வாடகைப் படகுகள் இன்றும் ஆறு பேரோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுவே. ஏழாமவரையும் ஏற்றிக்கொள் என்று வேண்டுவோர் எப்போதும் உண்டு. அவர் முகம் கோணினும் 'இல்லை' என்று கூறும் படகோட்டியே மெய்யான நண்பன். பணம் கொடுத்தவர் ஒருநாளைக்குப் படகை வாங்கலாம். கடலை வாங்க இயலாது. 'வானம் சரியில்லை, திரும்புவோம்' என்று கூறும் உரிமையையும் படகோட்டியிடமிருந்து வாங்க இயலாது.

இன்று மெக்சிகோ வளைகுடாக் கரையில் டெஸ்டின் முதலிய ஊர்களில் இத்தொழிலை நம்பிக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தூண்டிலுக்கு இரை கோத்து, மீனை அறுத்துத் துப்புரவு செய்து தரும் உதவியாளுக்கு வாடகையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை அன்பளிப்பாகத் தருவது அங்கே வழக்கம். பல படகுகளில் அவ்வன்பளிப்பே அவனது வருவாயின் பெரும்பகுதி. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து எண்ணெய் பரவியபோது, அங்குள்ள கூட்டரசு நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. மீன் தேடிச் சென்ற படகுகள் பல, எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலிகளை இழுத்துச் சென்றன. கடல் கெட்டால் முதலிற் பசிப்பவன் அதன் கரையில் வாழ்பவனே.

நம் தமிழுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இக்காலத்து வாடகைப் படகுகளுள் இரட்டை உடல் கொண்டவற்றை 'கேட்டமரான்' என்கின்றனர். அது நம் கட்டுமரமே. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையிற் கண்ட மிதவைகளின் பெயராக அச்சொல்லைக் குறித்துள்ளார். மரங்களைப் பிணைத்த மிதவையின் பெயர் பிற்காலத்தில் இரட்டைப் படகிற்கு மாறிப் போயிற்று. பெயரறியா மீனவர் ஒருவர் அன்று கூறிய சொல், இன்று உலகத் துறைமுகங்களில் எல்லாம் ஒலிக்கிறது. படகோட்டியின் பெயர் மறைந்தாலும் அவன் சொல் மறையவில்லை.

நம் காலனியில் வண்டி ஓட்டுநர் இல்லங்கள் எத்தனையோ உள்ளன. திருமணக் கூட்டம் பெட்டி முழுதும் பாடிச் சிரித்துச் சென்று இறங்குகிறது, நிழற்படம் எடுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் கண்விழித்து வண்டியைக் கொணர்ந்தவர் அப்படத்தில் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்போர் மட்டுமே அவர் பெயரை அறிவர்.

ஆதலின், தீகாவில் கேள்வி கேட்ட தம்பிக்கு நம் விடை இதுதான். முடியும், படகை நாள் முழுதும் வாடகைக்கு எடுக்க முடியும். என்றேனும் ஒருநாள் நீ அவ்வாறு சென்றால், ஏறும்போதே படகோட்டியின் பெயரைக் கேட்டுக்கொள். கடலில் அவர் சொற்படி நட. கரையேறியதும் பேசிய கூலியை முகமலர்ந்து கொடு. பிடித்த மீனோடு நீ படம் எடுத்துக்கொள்ளும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்.