நற்சான்றிதழ் (கண்டி வட்டாரம்)

நற்சான்றிதழ் என்பது ஒருவரின் நடத்தை, தொழில், குடியிருப்பு ஆகியவற்றை அவரை அறிந்த வேறொருவர் எழுதி உறுதிப்படுத்தும் பத்திரம். நற்சாட்சிப் பத்திரம் என்பது பழைய வழக்கு, பேச்சில் சேர்ட்டிபிக்கட். வேலை, பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, வெளிநாட்டுப் பயணம் போன்றவற்றுக்கு இது கேட்கப்படுவதுண்டு.

கண்டி மலைநாட்டில் இவ்வகைப் பத்திரங்களில் மிகப் பரவலாகப் புழங்கியது ‘துண்டு’. கோப்பித் தோட்டங்களின் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னும், தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, பழைய துரை (தோட்ட முகாமையாளர்) கையெழுத்திட்ட துண்டு வேண்டும். அதில் இருந்தது இவ்வளவே: இத்தனை ஆட்கள், இத்தனை ரூபாய்க் கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன். கொழுந்து பறிக்கும் கைத்திறனுக்கோ, கவாத்து வெட்டும் நேர்த்திக்கோ அதில் ஒரு வரியும் கிடையாது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுப்பார். கட்டிய தொகை மறுபடியும் ஆட்களின் தலையிலேயே விழும். ஆள் தேடித் தோட்டங்கள் போட்டியிட்டதால் தொகை ஏறிக்கொண்டே போனது. முன்பணத்தின் பெரும்பகுதி கங்காணிகளின் தலைவரான பெரிய கங்காணியிடமே தங்கியது. ஆகவே துண்டு சான்றிதழ் அல்ல, மனிதருக்கு எழுதிய விலைச்சீட்டு. கண்டியில் 1854இல் தோன்றிய தோட்டச் சொந்தக்காரர் சங்கத்துக்கும் இம்முறை நீண்டகாலத் தலைவலியாக இருந்தது. ஆனால் தவித்தது தொழிலாளியே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது.

பத்திரத்தின் தேவை அத்தோடு தீரவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டப்படி குடியுரிமை பெற, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறந்த லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) வாழ்ந்தவர்களும், அங்குதான் வாழ்ந்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று தேடி அலைந்தார்கள். ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 134,000 அளவினரே குடியுரிமை பெற்றனர். மற்றவர்களில் பலரிடம் குறைந்தது வாழ்ந்த காலமல்ல, காகிதமே.

இன்று கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிட, நற்சான்றிதழே பொதுவானது. பாடசாலை விடுகைப் பத்திரமும் பொலிஸ் சான்றிதழும் வேறு. கிராம உத்தியோகத்தரின் படிவம், விண்ணப்பதாரரைத் தமக்கு நேரில் தெரியுமா, எப்போதிலிருந்து என்று அந்த உத்தியோகத்தரிடமே கேட்கிறது. வாக்காளர் இடாப்பு விபரம், தந்தையின் பெயர், நீதிமன்றத் தண்டனை பெற்றவரா என்பவற்றின் பின்னரே நடத்தைக்கு ஒரு வரி வருகிறது. தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து முதலில் தோட்டக் கந்தோரில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவோரும் உண்டு. சான்றிதழ் 6 மாதம் செல்லும்.