பாக்கு மூட்டையும் அரசுரிமையும்

சட்டத்தை மீறுவோரை ஒறுப்பதே அரசின் கடமை என்பர். ஆயினும் இரண்டு அரசுகள் மோதும் எல்லையிலே, ஓரரசு ஒறுக்குங் கூட்டத்தை மற்றையது பேணி வளர்த்தலும் உண்டு. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. கண்டியின் வரலாறே போதும்.

கண்டி நாட்டின் மலைச்சரிவுகளில் விளைந்த பாக்குத் தென்னிந்தியத் துறைகளில் நல்ல விலைபெற்றது. அதனைத் தவள மாடுகளிலேற்றிப் புத்தளம், கொட்டியாரம் முதலிய துறைகளுக்குக் கொண்டுசென்று, உப்பும் துணியும் பெற்று மீள்வது நெடுநாள் வழக்கம். 1665 முதல் 1668 வரையில் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கைப்பற்றியது. பாக்கு, கறுவா ஆகியவற்றின் வாணிகம் தனக்கேயுரியதென அது விதித்தது. நேற்றுவரை வணிகனாயிருந்தவன் இன்று கள்ளக்கடத்தற்காரனாயினான். அவனுடைய மாடும் மூட்டையும் வழியும் முன்னிருந்தவையே.

கண்டி மன்னர் இவர்களை எங்ஙனம் கைவிடுவர்? உப்பின்றி மலைநாடு வாழாது. அரசனின் பண்டங்களைச் சுமக்கும் பொறுப்பு 'மடிகே' என்னும் பிரிவுக்குரியது. அதிற் பணிபுரிந்தோர் பலர் முசுலிம்கள். போர்த்துக்கேயர் 1626இல் கரையினின்று துரத்திய முசுலிம்களுக்குச் செனரத மன்னன் புகலளித்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. கரையிலே குற்றவாளியாகத் தேடப்பட்டவன் மலையிலே அரசனூழியன்.

ஒல்லாந்தரோ கடற்கொள்ளையை அறியாதவரல்லர். 1572இல் பிரில் நகரைப் பிடித்து அவர்தம் விடுதலைப் போருக்கு வலிவூட்டியவர்கள், 'கடற் பிச்சைக்காரர்' எனப்பட்ட கொள்ளைக் கூட்டத்தார். ஆரஞ்சு இளவரசன் அவர்களுக்கு உரிமைப்பத்திரம் வழங்கியிருந்தான். 1628இல் கியூபாவருகே எசுப்பானிய வெள்ளிக்கப்பல்களைக் கவர்ந்த பீற் கெயினைத் தாய்நாடு வீரனென வரவேற்றது. அத்தகையோரின் வழித்தோன்றல்களே இங்கு உரிமையின்றிக் கறுவா உரித்தவனுக்கு மரணதண்டனை விதித்தனர்! அவர்தம் கம்பனி ஊழியரும் மறைவாகத் தம் சொந்த வாணிகம் நடத்தியவரே.

1765இல் கம்பனிப்படை கண்டி நகரினுட் புகுந்து சூறையாடிற்று. மறுவருட உடன்படிக்கையினாற் கரையோரம் முழுவதும் கம்பனியினதாயிற்று; உப்பெடுக்கும் சலுகை கண்டியர்க்கு எஞ்சியது. மன்னனுக்கு வருவாய் குன்றியது; தேசாதிபதிக்குக் காவற்செலவு மிகுந்தது. பிடிபட்டால் மூட்டையையும் மாட்டையும், சிலவேளை உயிரையும் இழந்தவன் சுமைகாரனே. அரசுகளின் கடிதங்களில் அவன் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

1796இல் ஆங்கிலேயர் கரையைக் கைப்பற்றியபோது கறுவாத் தனியுரிமையையும் கைக்கொண்டனர். 1833இல் அது நீக்கப்பட்டபொழுது, கண்டியரசு வீழ்ந்து பதினெட்டாண்டுகள் கழிந்திருந்தன.