பட்டிப்பூவும் பல்பகுதியமும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மனைமுற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூவை அறியாதார் இலர். நித்தியகல்யாணி எனவும் வழங்கும் அச்செடியிலிருந்து நோபிள், பியர் முதலிய கனடிய அறிஞர் வின்பிளாத்தீன் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்து 1958இல் அறிவித்தனர். அச்செடியே தந்த வின்கிறித்தீன் குருதிப்புற்றை அடக்கிற்று. எனினும் நரம்புகளையும் தாக்கிற்று. நோயுற்ற கலங்களை மட்டும் சாராது உடலெங்கும் பரவியமையே அதற்குக் காரணம். ஆதலின் மருந்தோடு அதனைச் சுமக்கும் ஊர்தியும் ஆராயப்படலாயிற்று.

1964இல் போக்மன், சிலிக்கன் இறப்பரூடாக மருந்து மெல்லக் கசிதலைக் காட்டினார். 1976இல் அவரும் லாங்கரும் பெருமூலக்கூறுகளைப் பல்பகுதியத்துள் அடைத்து, நூறு நாட்களுக்கு மேலாகச் சிறிது சிறிதாய் வெளியேறச் செய்தனர்.

குருதியின் பீ.எச் பெறுமானம் 7.4, புற்றுக்கட்டியின் சூழலோ அதனினும் அமிலத்தன்மை மிக்கது. அவ்வேறுபாட்டை உணர்ந்து அவிழும் நனோமீற்றர் அளவான பல்பகுதிய ஊர்திகள் இன்று பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அவை கைகூடுமாயின், மருந்தினால் நோயாளர் படும் துன்பம் பெரிதும் குறையும்.