மில்லிங் கட்டரைப் பிடித்த கதை

வீட்டு மாடியிலோ கார் ஷெட்டிலோ சின்னதாகப் பட்டறை போட்டு, லேத்துக்கு அடுத்தபடியாக மில்லிங் மெஷின் வாங்குகிற ஓய்வு பெற்ற நண்பர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மெஷின் வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "6 மில்லி கட்டர் இருக்கு, 12 மில்லி இருக்கு, அரை அங்குலமும் இருக்கு. எல்லாத்தையும் எதுல சார் பிடிக்கிறது?" சிலர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கூட வந்த டிரில் சக்கில் கட்டரை மாட்டி ஓட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் என்று சொல்ல 160 வருடம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். துப்பாக்கி பாகங்களில் துளை போட முறுக்கு டிரில் தேவைப்பட்டது. அந்த முறுக்குப் பள்ளத்தை ஆட்கள் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். இதை மெஷினில் வெட்ட முடியாதா என்று கேட்கப்போய், பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் ஜோசப் பிரவுன் 1862-ல் யுனிவர்சல் மில்லிங் மெஷினை உருவாக்கினார். அடுத்த வருடமே ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 1864-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் நியூ பெட்ஃபோர்டில் அவருடைய டிரில் கம்பெனி தொடங்கியது. டிரில்லை மெஷினில் மாட்ட மோர்ஸ் வகுத்த கூம்புதான் மோர்ஸ் டேப்பர். சுமார் 20-க்கு 1 என்கிற மெல்லிய சரிவு. நம் லேத்தின் டெயில்ஸ்டாக்கில் இன்றும் இருப்பது அதுதான்.

மோர்ஸ் டேப்பர் டிரில்லுக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. துளை போடும்போது விசை முழுவதும் மேல்நோக்கி. அழுத்த அழுத்தக் கூம்பு குழிக்குள் இறுகும். மில்லிங் கட்டர் வெட்டுவதோ பக்கவாட்டில். ஒவ்வொரு பல்லும் வேலையைத் தட்டிவிட்டுப் போகும். நொடிக்குப் பத்துக் கணக்கில் விழும் அந்தத் தட்டுகளில் கூம்பு மெல்ல விட்டுக்கொடுக்கும். டிரில் சக் சும்மா செருகியிருந்தால் ஒரு கட்டத்தில் சக்கும் கட்டருமாக, சுற்றிக்கொண்டே கீழே விழும். பக்கத்தில் கை இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கின் மூன்று தாடைகளும் கட்டரின் வழுவழுப்பான தண்டை மூன்று மெல்லிய கோடுகளில்தான் தொடுகின்றன என்பது அடுத்த கோளாறு.

கூம்பு விழாமலிருக்க, ஸ்பிண்டிலின் உச்சியிலிருந்து உள்ளே ஒரு நீளமான போல்ட்டை விட்டுக் கூம்பை மேலே இழுத்துப் பிடித்தார்கள். அதுதான் டிரா பார். ஆனால் மோர்ஸ் டேப்பரை இப்படி இழுத்து இறுக்கினால் லேசில் விடாது. போல்ட்டைத் தளர்த்தி அதன் தலையில் சுத்தியலால் தட்ட வேண்டும். அடி பேரிங்கில்தான் போய்ச் சேரும். பெரிய மெஷின்களுக்கு 24-க்கு 7 என்கிற செங்குத்தான டேப்பர் வந்த பிறகு இந்தத் தொல்லை அங்கே ஒழிந்தது.

சின்ன மெஷின்களுக்கான விடை அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்து வந்தது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய ருடால்ஃப் பன்னோ, மேக்னஸ் வால்ஸ்ட்ராம் இருவரும் முதலில் மில்லிங் ஹெட் மட்டும் செய்து விற்றார்கள். பிறகு 1938-ல் முழு மெஷினாகவே கொண்டுவந்தார்கள். உலகத்து டூல் ரூம்களெல்லாம் காப்பியடித்த மெஷின் அது. அந்தக் கம்பெனி தந்ததுதான் ஆர்-8 கோலெட். பிளந்த எஃகுக் குழல் ஒன்றை டிரா பார் மேலே இழுக்கும்; குழலின் அடிவாய் அகன்ற சரிவில் சிக்கி மூடிக்கொண்டு கட்டரின் தண்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். சரிவு செங்குத்து என்பதால் மேலே லேசாக ஒரு தட்டு, விட்டுவிடும். குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோலெட்டும் தன் அளவைத் தவிர வேறு அளவைச் சேர்க்காது. அரை அங்குலத்துக்கு ஒன்று, 12 மில்லிக்கு வேறொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் மில்லிகூட இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு பக்கம் யோசித்தார்கள். கட்டரின் பள்ளம் வலப்பக்கம் முறுக்கியது. அதனால் வெட்டும்போது மரத்தில் இறங்கும் திருகாணி மாதிரி கட்டர் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் போதும். 3 மில்லி ஆழத்தில் தொடங்கிய பள்ளம் மறுமுனையில் மூன்றரையாக இருக்கும். நாலு நாள் வேலை குப்பைக்குப் போகும். கிளார்க்சன் கம்பெனியின் ஆட்டோலாக் சக் இதற்காகவே பிறந்தது. கட்டர் தண்டின் நுனியில் அங்குலத்துக்கு 20 புரி திருகு. கோலெட்டின் உள்ளும் அதே திருகு. கட்டர் வழுக்கிச் சுழலப் பார்த்தால் திருகில் மேலே ஏறி, பின்னாலிருக்கும் முனையில் முட்டி, கோலெட்டையே முன்னால் தள்ளி இன்னும் இறுக்கும். எதிரியின் பலத்தையே தனக்கு எடுத்துக்கொண்ட வாலி மாதிரி! கால், அரைக்கால் கூட்டிய கால், அரை, அரைக்கால் கூட்டிய அரை அங்குலம் என்று சின்ன சக்குக்கு நாலே தண்டு அளவு. கட்டரின் வெட்டும் பகுதி எந்த அளவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் இத்தனை ஏற்பாடுகளிலும் புத்திசாலித்தனமானது இதுதான். ஆனால் திருகு வெட்டிய கட்டர்தான் வேண்டும் என்பது அதன் விதியாகிவிட்டது. இப்போது விற்கும் கார்பைடு கட்டர்களின் தண்டு மொழுமொழு.

1970-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த ஈ.ஆர். கோலெட்தான் இன்று எங்கும். இரண்டு முனையிலிருந்தும் மாறி மாறிப் பிளந்திருப்பதால் குழல் ஒரே சீராகச் சுருங்கும், அதுவும் ஒரு முழு மில்லி. 10 என்று எழுதிய கோலெட் 10 முதல் 9 வரை பிடிக்கும். 9.525 மில்லி அங்குலக் கட்டரும் அதிலேயே அடங்கிவிடும். 1956-ல் மெட்ரிக் சட்டம் போட்டும் பழைய இரும்புக் கடைகளில் அங்குலக் கட்டர்களை எடைக்கு வாங்குகிற நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து 'டக்' என்று உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் சக்கில் திருக வேண்டும். மாற்றிச் செய்தால் கோலெட் வெளியே வராமல் படுத்தும்.

வீட்டு மெஷினில் இடைஞ்சல் உயரம்தான். ஈ.ஆர்.-32 சக் 20 மில்லி வரை பிடிக்கும், ஆனால் ஸ்பிண்டிலுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். வைஸும் வேலையும் வைத்தபின் கட்டருக்கு இடமிருக்காது. அதனால் அடிக்கடி பயன்படும் 6, 10, 12 மில்லிக்கு ஸ்பிண்டிலிலேயே நேராக உட்காரும் கோலெட் மூன்று, மற்றதற்கெல்லாம் ஈ.ஆர். என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். வாங்கும் முன் ஸ்பிண்டில் மோர்ஸ் 3-ஆ, ஆர்-8-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீனத்துச் சின்ன மெஷின்கள் இரண்டு விதமாகவும் வருகின்றன.

பழைய கிளார்க்சன் கட்டர் கிடைத்தால் விடாதீர்கள். திருகுப் பகுதி கோலெட்டின் பிடிக்கு அப்பால் போகிற மாதிரி உள்ளே தள்ளினால் ஈ.ஆரிலும் ஓடும். தண்டு குட்டையாக இருந்தால் திருகைக் கிரைண்டரில் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. ஏழெட்டுக் கட்டர்கள் எண்ணெய்த் தாளில் சுற்றி அப்படியே கிடக்கின்றன.